மீட்டர் சொல்வது மெய்தானா?
கரைந்த பிராணவாயு மீட்டரின் கோளாறுகளும் திருத்தமும்

(மீன் வளர்க்கும் உழவர்களுக்கான பயிற்சி முகாமில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



நெல்லுக்கும் பயறுக்கும் யோசனை சொல்ல வேண்டிய உழவியல்காரன் மீன் குட்டையைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். வயல் ஓரத்தில் பண்ணைக்குட்டை, குட்டையில் கெண்டை மீன், குட்டைக்கு மேல் கோழிக்கூண்டு என்று ஒருங்கிணைந்த பண்ணையம் வந்த பிறகு, எங்கள் வேலையும் வரப்போடு நின்று விடுவதில்லை. அந்த வேலையில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லித்தான் இந்தப் பேச்சைத் தொடங்க வேண்டும்.

எங்கள் ஆராய்ச்சிக் குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் விட்டிருந்தோம். மூன்று நாட்களாக வானம் மூடிக் கிடந்தது. நான்காம் நாள் விடியுமுன் குட்டையைப் பார்க்கப் போனேன். பண்ணையில் நெடுநாளாக வேலை செய்யும் பெரியவர் எனக்கு முன்பே கரையில் நின்றிருந்தார். "சார், மீனெல்லாம் வாயைத் தூக்குது, ஏரேட்டரைப் போட்டுடலாமா?" என்று கேட்டார். நான் கையிலிருந்த மீட்டரை நீரில் விட்டுப் பார்த்தேன். 2.9 என்று காட்டியது. "குறைவுதான், ஆனாலும் ஆபத்தில்லை அண்ணே. பொழுது விடிந்தால் ஏறிவிடும்" என்றேன். முதல் நாள்தான் மீட்டரைக் காற்றில் வைத்துச் சரிபார்த்திருந்தேன். அந்தத் தைரியம்.

பொழுது விடிந்தபோது அறுபதுக்கும் மேற்பட்ட மீன்கள் மிதந்தன. பெரிய கட்லாக்களே முதலில் போயின. அதிகாலையில் ஒரு பாட்டிலில் குட்டை நீரைப் பிடித்து, ஆய்வகத்தில் பார்ப்பதற்காக மருந்து ஊற்றி வைத்திருந்தேன். அதைச் சோதித்தபோது 1.1 என்று வந்தது. மீட்டர் சொன்னது 2.9, மெய் 1.1. அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது, அதை முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி என்பதே இன்றைய பேச்சு.

நீரில் எவ்வளவு பிராணவாயு இருக்கும்?

மீட்டர் பொய் சொல்கிறதா என்று அறிய, மெய் எவ்வளவு என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கிடுகிறோம். இதையே பி.பி.எம். என்றும் சொல்வது வழக்கம். நீர் சூடேற ஏற, அதில் கரையும் பிராணவாயு குறையும். கடல் மட்டத்தை ஒட்டிய ஊர்களில், காற்றோடு நன்றாகக் கலந்த நன்னீரில் இருக்கக்கூடிய அளவு இது:

20 டிகிரி சென்டிகிரேடு – 9.1 பி.பி.எம்.
25 டிகிரி – 8.3 பி.பி.எம்.
28 டிகிரி – 7.8 பி.பி.எம்.
30 டிகிரி – 7.6 பி.பி.எம்.
32 டிகிரி – 7.3 பி.பி.எம்.

இந்த ஐந்து வரிகளையும் ஓர் அட்டையில் எழுதி மீட்டர்ப் பெட்டிக்குள் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

கெண்டை மீன்களுக்கு 5 பி.பி.எம்.முக்கு மேல் இருப்பது நல்லது. 3-க்குக் கீழே இறங்கினால் தீனி எடுப்பது குறையும், வளர்ச்சி தடைப்படும். 1-ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. நமக்கு மிகவும் தேவையானது 3-க்குக் கீழே உள்ள எண்கள்தாம். மீட்டர்கள் மிகுதியாகப் பொய் சொல்லக்கூடிய இடமும் அதுவே.

மீட்டர் எப்படி வேலை செய்கிறது?

நம் உழவர்களிடம் உள்ள மீட்டர்களில் இரண்டு வகை உண்டு. முதலாவது சவ்வு வைத்த முனை கொண்டது. அமெரிக்க விஞ்ஞானி லேலண்ட் கிளார்க் 1950-களில் உருவாக்கிய முறை இது. முனையின் நுனியில் மிக மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு இருக்கும். உள்ளே உப்புக் கரைசல். அதற்குள் பொன் அல்லது பிளாட்டினத்தால் ஆன ஒரு மின்முனை, வெள்ளியால் ஆன மற்றொரு மின்முனை. நீரிலுள்ள பிராணவாயு சவ்வைக் கடந்து உள்ளே சென்று பொன்முனையில் செலவாகிறது. அப்போது சிறிதளவு மின்சாரம் ஓடுகிறது. பிராணவாயு அதிகமானால் மின்சாரமும் அதிகம். அந்த மின்சாரத்தைத்தான் மீட்டர் எண்ணாக மாற்றிக் காட்டுகிறது.

இரண்டாவது வகை ஒளி முறையில் இயங்குவது. முனையின் மூடியில் ஒரு சாயம் பூசப்பட்டிருக்கும். அதன் மேல் நீல ஒளி பட்டால் அது ஒளிரும். பிராணவாயு மிகுந்தால் அந்த ஒளிர்வு மங்கும். இதில் சவ்வும் கரைசலும் இல்லாததால் தொல்லை குறைவு, விலை கூடுதல்.

முதல் சோதனை: காற்றில் 100

மீட்டரை எடுத்துச் செல்லும் ஒவ்வொரு நாளும் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். முனையின் மூடிக்குள் இருக்கும் பஞ்சை நனைத்துப் பிழிந்து விடுங்கள். சவ்வின் மேல் நீர்த்துளி நின்றால் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்கக் கூடாது. மூடியைப் போட்டு, வெயில் படாத இடத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்திருங்கள். மின்சாரம் கொடுத்தபின் சூடேறக் காத்திருக்க வேண்டிய மீட்டர்களுக்கு இந்த நேரம் மிகவும் அவசியம். பொறுமையில்லாமல் இரண்டு நிமிடத்தில் பொத்தானை அழுத்துவதால் வரும் பிழைதான் பல பண்ணைகளில் காணும் முதல் கோளாறு.

எண் அசையாமல் நின்ற பிறகு அளவை நிலைநிறுத்தும் பொத்தானை அழுத்துங்கள். 100 சதம் என்று காட்ட வேண்டும். பிறகு பி.பி.எம். கணக்குக்கு மாற்றி, நான் சொன்ன அட்டையோடு ஒப்பிடுங்கள். முனை 30 டிகிரியில் இருந்தால் 7.6 வரவேண்டும். 8.3 வந்தால் மீட்டரின் வெப்பமானி 25 டிகிரி என்று தவறாக எண்ணிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒரு வாளி நீரில் முனையையும் சாதாரணக் கண்ணாடி வெப்பமானியையும் சேர்த்து விட்டுப் பார்த்தால் உண்மை வெளியாகும்.

மலைப்பகுதி உழவர்களுக்கு ஒரு சொல். உதகமண்டலம் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதைப் போல முக்கால் பங்குதான். ஆகவே 20 டிகிரி நீரில் 9.1-க்குப் பதில் 7 பி.பி.எம். அளவுக்கே பிராணவாயு கரையும். உயரத்தையோ காற்றழுத்தத்தையோ மீட்டரில் பதிய மறந்தால், வரும் எண் எல்லாம் மிகையாகவே இருக்கும்.

இரண்டாம் சோதனை: பூஜ்யம்

நான் செய்யாமல் விட்ட சோதனை இதுதான். காற்றில் 100 காட்டும் மீட்டர் மேல்முனையில் சரி. கீழ்முனையில் சரியா என்பதற்கு அது சாட்சி ஆகாது. மேல்முனைக்கு நாம் பொத்தானை அழுத்தி 100 என்று சொல்லிக் கொடுக்கிறோம். எவ்வளவு பழுதான முனையும் அந்த ஓர் இடத்தில் சரியாகக் காட்டிவிடும்.

பிராணவாயுவே இல்லாத நீரில் முனையை விட்டால் மீட்டர் பூஜ்யத்துக்கு வரவேண்டும். அப்படிப்பட்ட நீரைத் தயாரிப்பது எளிது. 200 மில்லி லிட்டர் நீரில் 10 கிராம் சோடியம் சல்பைட்டைக் கரைத்தால் போதும். சல்பைட் நீரிலுள்ள பிராணவாயு முழுவதையும் பிடித்துக்கொள்ளும். இதை அவ்வப்போது புதிதாகக் கரைக்க வேண்டும். திறந்து வைத்த கரைசல் காற்றிலிருந்து பிராணவாயுவை வாங்கிப் பயனற்றுப் போகும். முனையை அதில் ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்திருங்கள். எண் இறங்கிப் பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். அரை பி.பி.எம்.முக்கு மேல் நின்றுவிட்டால் அந்த மீட்டரை விடியற்காலை வேலைக்கு நம்பாதீர்கள். சோதனை முடிந்ததும் முனையை நல்ல நீரில் மூன்று நான்கு முறை கழுவுங்கள். மீந்த கரைசலைக் குட்டையில் கொட்டக் கூடாது.

எங்கள் மீட்டரை இந்தக் கரைசலில் விட்டபோது 2.1-க்குக் கீழே இறங்கவே இல்லை. முனையைக் கழற்றிப் பார்த்தால், பொன் வளையத்தின் மேல் வெள்ளி படிந்து மங்கிப் போயிருந்தது. பிராணவாயு இல்லாதபோதும் அதில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. மேல்முனையில் மறைந்து நின்ற பிழை, நமக்கு வேண்டிய கீழ்முனையில் ஏறக்குறைய இரண்டு பி.பி.எம். பொய்யாக வந்து சேர்ந்தது.

இந்தச் சோதனையை மாதம் ஒரு முறையும், சவ்வு மாற்றும்போதெல்லாமும் செய்யுங்கள். மழைக்காலம் தொடங்குமுன் கட்டாயம் செய்ய வேண்டும்.

குறியும் காரணமும்

மீட்டரில் காணும் குறியை வைத்துக் காரணத்தை ஊகிக்கலாம்.

1. எண் நிற்காமல் மேலும் கீழும் ஓடுகிறது: சவ்வுக்குள் காற்றுக் குமிழி இருக்கலாம்; சவ்வு கிழிந்தோ தளர்ந்தோ இருக்கலாம். முனையைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். குமிழியோ சுருக்கமோ தெரிந்தால் சவ்வையும் கரைசலையும் மாற்றுங்கள். மாற்றும்போது கரைசலை விளிம்பு வரை நிரப்பிவிட்டு மூடினால் குமிழி தங்காது. அதற்குப் பிறகும் ஓடினால் கம்பி இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். ஈரமோ பச்சைக் களிம்போ இருந்தால் துடைத்து உலர்த்துங்கள்.

2. எண் மெதுவாக, நெடுநேரம் கழித்துத்தான் வந்து நிற்கிறது: சவ்வின் மேல் பாசி படிந்திருக்கும். மெல்லிய ஈரத்துணியால் துடையுங்கள். அப்படியும் மாறாவிட்டால் சவ்வு பழையதாகிவிட்டது.

3. காற்றில் 100-க்கு ஏற மறுக்கிறது: கரைசல் வற்றியிருக்கலாம், வெள்ளி முனை கறுத்திருக்கலாம், மின்கலம் தீர்ந்திருக்கலாம். முதலில் மின்கலத்தை மாற்றுங்கள். செலவு குறைந்த காரணத்தை முதலில் பார்ப்பதே நலம்.

4. பூஜ்யத்துக்கு இறங்க மறுக்கிறது: முதலில் கரைசல் புதிதா என்று பாருங்கள். புதிதாக இருந்தும் இறங்காவிட்டால் பொன்முனையைத் துலக்க வேண்டும். மீட்டரோடு வரும் நுண்ணிய உப்புத்தாளை மட்டும் பயன்படுத்தி, கையேட்டில் சொன்னபடி தேய்க்க வேண்டும். வீட்டிலுள்ள முரட்டு உப்புத்தாள் முனையைக் கெடுத்துவிடும்.

5. வெள்ளி முனை அடிக்கடி கறுக்கிறது: குட்டையின் அடிச்சேற்றில் முனையைப் புதைத்திருக்கிறீர்கள். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு சவ்வைக் கடந்து வெள்ளியைக் கறுக்கச் செய்யும். முனையைச் சேற்றுக்கு ஓர் அடி மேலேயே நிறுத்துங்கள்.

ஒளி முறை மீட்டர் வைத்திருப்பவர்கள் சாய மூடியில் கீறலும் பாசியும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். மூடியை உலர விடாதீர்கள். உற்பத்தியாளர் குறித்த காலத்தில் புதிய மூடி மாற்ற வேண்டும். பெரும்பாலும் ஓரிரு ஆண்டுக்கு ஒரு முறை வரும். காற்றுச் சோதனையும் பூஜ்யச் சோதனையும் இதற்கும் உண்டு.

மீட்டர் சரி, அளந்த முறை தவறு

பல நேரங்களில் குற்றம் மீட்டரில் இருப்பதில்லை. சவ்வு முனை பிராணவாயுவைச் செலவழித்துத்தான் அளக்கிறது என்று சொன்னேன். முனையை அசைக்காமல் நீரில் தொங்கவிட்டால் அதைச் சுற்றியுள்ள நீரில் பிராணவாயு தீர்ந்து, எண் குறைந்துகொண்டே போகும். ஆகவே எண் நிற்கும் வரை முனையை மெதுவாக வீசி ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும். நீரின் மேல் மட்டத்துக்கு வந்து காற்றைத் தொடாதபடி ஆட்டுங்கள். ஒளி முறை மீட்டருக்கு இந்த வேலை இல்லை.

அடுத்தது உப்பு. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இறால் குட்டை வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 30 டிகிரியில் நன்னீரில் 7.6 பி.பி.எம். கரையுமானால் கடல்நீரில் 6.2 அளவுக்கே கரையும். மீட்டரில் உப்பின் அளவைப் பூஜ்யம் என்று விட்டுவிட்டு உப்புநீரில் அளந்தால் மெய்யைவிட மிகுதியாகக் காட்டும். உப்புக்குப் பதிந்ததை மாற்றாமல் நன்னீரில் அளந்தால் குறைத்துக் காட்டும்.

சதத்தையும் பி.பி.எம்.மையும் குழப்பிக் கொள்ளாதீர்கள். 30 டிகிரியில் 40 சதம் என்றால் கேட்பதற்குப் பாதி போலத் தோன்றும். கணக்குப் பார்த்தால் 3 பி.பி.எம்.தான்.

அளக்கும் இடமும் நேரமும் முக்கியம். ஏரேட்டரின் பக்கத்தில் அளந்தால் குட்டையின் நிலை தெரியாது. மேல் நீரில் ஒன்று, அடியிலிருந்து ஓர் அடி மேலே ஒன்று என இரண்டு அளவு எடுங்கள். பச்சைப் பசேலென்ற குட்டையில் பிற்பகல் மூன்று மணிக்கு 13, 14 என்று காட்டினால் மீட்டர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். நுண்பாசிகள் வெயிலில் பிராணவாயுவைத் தயாரித்துத் தள்ளுகின்றன. அந்த எண் மெய்யாகவே இருக்கலாம். அதே பாசிகள் இரவில் அதைச் செலவழிக்கும் என்பதால், அது மகிழ்ச்சிக்குரிய செய்தியும் அன்று.

இரவின் நிலையை முன்கூட்டியே அறிய ஓர் எளிய கணக்கு உண்டு. மாலை இருட்டியதும் ஒரு முறையும், மூன்று மணி நேரம் கழித்து ஒரு முறையும் அளங்கள். இரவு 7 மணிக்கு 8.0, 10 மணிக்கு 6.2 என்றால் மணிக்கு 0.6 குறைகிறது. காலை 6 மணிக்குள் இன்னும் எட்டு மணி நேரம் இருக்கிறது, 4.8 குறையும். விடியலில் 1.4 தான் மிஞ்சும். அதற்கு முன்பே, நள்ளிரவை ஒட்டி ஏரேட்டரைப் போட்டுவிடலாம். ஆனால் பூஜ்யத்துக்கு இறங்காத மீட்டர் இந்தக் குறைவையும் குறைத்தே காட்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பாட்டில் சோதனை

மீட்டர் மேல் சந்தேகம் வந்தால் மூன்றாவது சாட்சி ஒன்று உண்டு. ஹங்கேரி நாட்டு வேதியியலார் லயோஸ் விங்க்ளர் 1888-இல் வெளியிட்ட முறை இன்றும் பயனில் உள்ளது. குமிழியில்லாமல் கண்ணாடி மூடிப் பாட்டிலில் நீரைப் பிடித்து, மாங்கனீசு சல்பேட் கரைசலும், காரம் சேர்த்த அயோடைடு கரைசலும் ஊற்றி, மூடிக் குலுக்க வேண்டும். அடியில் படியும் வண்டல் பழுப்பு நிறமானால் பிராணவாயு உண்டு. வெண்மையாகவே இருந்தால் இல்லை. அளவு எத்தனை என்று அறிய, அமிலம் சேர்த்துக் கரைத்து, சோடியம் தயோசல்பேட்டால் அளந்து பார்க்க வேண்டும். இதைச் செய்வதற்கு உரிய பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. அதிலுள்ள காரமும் அமிலமும் தோலையும் கண்ணையும் பொசுக்கக் கூடியவை. சிறுவர்கள் கையில் கொடுக்க வேண்டாம். மீட்டரையும் பாட்டிலையும் மாதம் ஒரு முறை ஒப்பிட்டு, இரண்டு எண்ணையும் நோட்டில் குறித்து வாருங்கள்.

மீனே முதல் சாட்சி

உழவர் பெருமக்களே, கடைசியாக ஒன்று. மீட்டரை வாங்குவது மீன் சாகாமல் காப்பதற்காக. மீன் மேலே வந்து வாயைத் தூக்கிக் காற்றைக் குடிக்கும்போது, மீட்டர் என்ன சொன்னாலும் ஏரேட்டரைப் போடுங்கள். ஏரேட்டர் இல்லையென்றால் மோட்டாரை வைத்துக் குட்டை நீரையே எடுத்து உயரத்திலிருந்து சிதறி விழச் செய்யுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரைப் பாய்ச்சுவதானாலும் சிதறடித்தே பாய்ச்ச வேண்டும்; அந்த நீரில் பிராணவாயு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். அன்று தீனியும் எருவும் போட வேண்டாம். கோழி எச்சம் குட்டையில் விழாதபடி தடுத்து வையுங்கள். மீட்டர் சரியா தவறா என்ற விசாரணையைப் பொழுது விடிந்தபின் வைத்துக்கொள்ளலாம்.

வெறுதாக ஓடிய ஏரேட்டருக்கு ஒரு மணி நேர மின்சாரம் நட்டம். ஓடாத ஏரேட்டருக்கு ஓர் ஆண்டு உழைப்பு நட்டம்.

அன்று பெரியவர் கண்ணால் கண்டதைச் சொன்னார். நான் சோதிக்காத கருவி காட்டியதைச் சொன்னேன். இப்போது எங்கள் பண்ணையில் மீட்டர்ப் பெட்டியோடு சல்பைட் டப்பாவும், அந்த ஐந்து வரி அட்டையும் சேர்ந்தே போகின்றன. காற்றில் 100, கரைசலில் பூஜ்யம் என்ற இரண்டும் தேறிய பிறகே குட்டையில் இறக்குகிறோம். பெரியவர் குரல் கொடுத்தால் எதையும் பாராமல் சுவிட்சைப் போடுகிறோம். நீங்களும் அவ்வாறே செய்து, உங்கள் குட்டை மீன்களைக் காத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.